ஆறு பென்ஸும் ஒரு வரியும்: லண்டன் ஸ்டேஷனர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

டியூடர் வம்சம் ஆண்ட கால லண்டனில் புத்தகத் தொழில் நடத்திய ஸ்டேஷனர்களைப் பற்றியும், அவர்களில் ஒருவரும் ஷேக்ஸ்பியரின் கவிதையை அச்சிட்டவருமான ரிச்சர்டு ஃபீல்டைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். படிக்கும் முன் காசுக் கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைய இங்கிலாந்தில் 12 பென்ஸ் (ஒன்று என்றால் பென்னி) ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

கேள்வி: ஸ்டேஷனர் என்றால் பேனா, நோட்டு விற்கிறவர்தானே? அவர் எப்படிப் புத்தகம் போட்டார்?

பதில்: சொல் வந்த வழி நாம் நினைப்பதற்கு நேர் எதிர். இடைக்கால லத்தீனில் 'ஸ்டேஷனாரியுஸ்' என்றால் ஓர் இடத்தில் நிலையாகக் கடை போட்டவர். சரக்கைத் தோளில் சுமந்து ஊர் ஊராகத் திரிகிற வியாபாரியிலிருந்து பிரித்துச் சொல்ல வந்த பெயர் அது. லண்டனில் இப்படி நிலையாக அமர்ந்தவர்கள் செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றி இருந்தார்கள். கையால் பிரதி எடுப்பவர், எழுத்துக்குப் பொன்னும் வண்ணமும் தீட்டுபவர், பைண்டிங் செய்பவர், விற்பவர் என்று எல்லோரும் அடக்கம். 1403-இல் நகர மேயரும் நகர மன்ற மூத்தவர்களான ஆல்டர்மேன்களும் இவர்கள் சங்கம் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476-இல். ஆக, சங்கம் இங்கிலாந்தின் அச்சு இயந்திரத்துக்கு 73 வயது மூத்தது. அச்சு வந்தபோது அதைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டது. காகிதமும் மையும் அதே கடைகளில் விற்றன. பின்னாளில் புத்தகம் ஒதுங்கி, பெயர் அந்தச் சில்லறைச் சாமான்களோடு தங்கிவிட்டது.

கேள்வி: சங்கத்துக்கு அரச சாசனம் கொடுத்தது மேரி அரசி என்று படித்தேன். அவர் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் புத்தகங்களை ஒடுக்கியவர். அச்சுக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு சலுகை?

பதில்: ஒடுக்க நினைத்ததால்தான். மேரியும் அவர் கணவர் ஃபிலிப்பும் சாசனம் வழங்கிய நாள் 1557 மே 4. அதில் 97 பேர் பெயர் இருக்கிறது. முதல் தலைவர் தாமஸ் டாக்ரே. சாரம் இதுதான்: சங்க உறுப்பினராகவோ அரசின் தனி உரிமம் பெற்றவராகவோ இல்லாத எவரும் இங்கிலாந்தில் அச்சிடக் கூடாது. சங்கத் தலைவரும் அவருக்கு அடுத்த நிர்வாகிகளான வார்டன்களும் எந்த அச்சகத்திலும் கடையிலும் நுழைந்து சோதனை போடலாம், கள்ளப் புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். மீறியவருக்கு மூன்று மாதச் சிறை, 100 ஷில்லிங் அபராதம். அபராதத்தில் பாதி அரசுக்கு, பாதி சங்கத்துக்கு.

அரசுக்குச் செலவில்லாத ஒரு காவல்படை கிடைத்தது. சங்கத்துக்குப் போட்டியாளர் இல்லாத சந்தை கிடைத்தது. சாசனத்தின் முன்னுரை மதத்துரோகப் புத்தகங்களைப் பற்றிப் புலம்புகிறது. அதைப் படித்துவிட்டு இது மத விவகாரம் என்று முடிவுகட்டுபவர்கள் அபராதத்தைப் பங்கு பிரிக்கிற பகுதிக்குப் போவதில்லை. மேரி இறந்து, நேர் எதிர் மதக் கொள்கையுள்ள எலிசபெத் வந்தார். அவரும் 1559 நவம்பர் 10-இல் அதே சாசனத்தை உறுதிசெய்தார். பிடிக்க வேண்டிய புத்தகங்கள் மாறின, பிடிக்கிறவர்கள் மாறவில்லை.

கேள்வி: இந்தச் சங்கத்தில் ஒருவர் எப்படி உள்ளே வருவது? அப்ரண்டிஸுக்குச் சம்பளம் உண்டா? ரிச்சர்டு ஃபீல்டை வைத்தே விளக்குங்கள்.

பதில்: வாசல் மூன்று. அப்ரண்டிஸாக, அதாவது எஜமானிடம் தொழில் பழகுபவராக, இருந்து காலம் முடிப்பது ஒன்று. உறுப்பினருக்குப் பிறந்த மகன் என்ற உரிமையில் வருவது இரண்டு. பணம் கட்டி வாங்குவது மூன்று. பெரும்பாலோர் முதல் வாசலில்தான் வந்தார்கள், ஃபீல்டும் அப்படியே.

ஃபீல்டுக்கு ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவன் சொந்த ஊர். அங்கே 1561 நவம்பரில் ஞானஸ்நானம் நடந்தது. அப்பா ஹென்றி தோல் பதனிடுபவர். 1579-இல் மகனை லண்டனுக்கு அனுப்பி ஜார்ஜ் பிஷப் என்ற ஸ்டேஷனரிடம் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார். ஒப்பந்தத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிஷப் புத்தகம் வெளியிடுபவர், விற்பவர். பையன் கற்க வேண்டியதோ அச்சு. எனவே முதல் ஆறு ஆண்டு தாமஸ் வாட்ரோலியே என்ற அச்சாளரிடம் வேலை கற்பது, ஏழாம் ஆண்டு பிஷப்பிடம் இருப்பது என்று எழுதிக்கொண்டார்கள். வாட்ரோலியே பிரான்சிலிருந்து வந்து பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் அச்சகம் நடத்திய புராட்டஸ்டன்ட் அகதி. அவருடைய அச்சு வேலை அன்றைய லண்டனில் சுத்தமானவற்றில் ஒன்று. பையனுக்கு இதைவிட நல்ல பட்டறை கிடைத்திருக்காது.

சம்பளம் கிடையாது. சாப்பாடு, துணி, படுக்க இடம், தொழில் ஆகியவை எஜமான் தர வேண்டியவை. கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, சொந்த வியாபாரம் கூடாது, இரவில் வெளியே தங்கக் கூடாது. ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு முறை எழுதி, நடுவே வளைவு வளைவாக வெட்டி ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியும் பல்லோடு பல் பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள். ஏழு ஆண்டு என்பது குறைந்தபட்சம்தான். லண்டன் நகர விதிப்படி 24 வயதுக்கு முன் யாரும் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு உறுப்பினராக முடியாது. 14 வயதில் சேர்ந்த பையன் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஃபீல்டு 17 வயதில் சேர்ந்ததால் அந்தத் தொல்லை இல்லை. 1587 பிப்ரவரி 6-இல் உறுப்பினரானார். அதற்கான கட்டணம் 3 ஷில்லிங் 4 பென்ஸ்.

கேள்வி: உறுப்பினரான உடனே அச்சகம் தொடங்கிவிடலாமா? விதவையை மணந்துதான் ஃபீல்டு முதலாளி ஆனார் என்பது உண்மையா?

பதில்: இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், 1586.

அந்த ஆண்டு ஜூன் 23-இல் ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றம் ஓர் ஆணை போட்டது. லண்டனுக்கு வெளியே ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்று, கேம்பிரிட்ஜில் ஒன்று தவிர அச்சு இயந்திரமே கூடாது. லண்டனில் புதிய அச்சகத்துக்கு இடமில்லை. இருப்பவர்களில் ஒருவர் செத்தோ தொழிலை விட்டோ இடம் காலியானால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு. அந்த அடுத்தவரைச் சங்கம் தேர்ந்தெடுக்க வேண்டும், மதத் தலைமை ஒப்ப வேண்டும். அப்ரண்டிஸ் எண்ணிக்கைக்கும் வரம்பு: தலைவருக்கும் மேல் வார்டனுக்கும் மூன்று பேர், கீழ் வார்டனுக்கும் லிவரி (சங்கச் சீருடை அணியும் உரிமை பெற்ற மேல்தட்டு) உறுப்பினர்களுக்கும் இரண்டு பேர், சாதாரண உறுப்பினருக்கு ஒருவர்.

அப்போது லண்டனில் இருந்த அச்சகங்கள் இருபத்துச் சொச்சம்தான். 1583 கணக்கெடுப்பில் 23 அச்சாளர்களிடம் 53 இயந்திரங்கள் இருந்தன. அரசியின் அச்சாளர் கிறிஸ்டோபர் பார்க்கர் அதற்கு முந்தைய ஆண்டே, நாட்டுக்கு எட்டோ பத்தோ அச்சகம் போதும் என்று எழுதியவர். ஏழு ஆண்டு பாடுபட்டு வெளியே வருகிற இளைஞனுக்கு இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? உனக்குக் கூலி வேலைதான் என்கிறது. அச்சு கற்றவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் இயந்திரத்தைத்தான் இழுத்தார்கள்.

வாட்ரோலியே 1587-இல் இறந்தார். உறுப்பினரின் விதவை கணவரின் தொழிலைத் தொடரலாம், அப்ரண்டிஸ்களை வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். ஆனால் ஜாக்குலின் வாட்ரோலியே விஷயத்தில் சங்கம் முரண்டு பிடித்தது. 1588 மார்ச்சில், அவர் இனி எந்தப் புத்தகமும் அச்சிடக் கூடாது என்று நிர்வாகக் குழு உத்தரவிட்டது. இறக்கும் சமயத்தில் கணவர் அச்சாளராக இருக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இயந்திரம் இருந்தது, எழுத்து இருந்தது, வாடிக்கை இருந்தது, அச்சிட உரிமை மட்டும் இல்லை. ஃபீல்டிடம் உறுப்பினர் உரிமை இருந்தது, இயந்திரம் இல்லை. 1589 ஜனவரியில் இருவருக்கும் கல்யாணம். அதில் காதல் எவ்வளவு என்று எந்தப் பதிவேடும் சொல்லாது, தொழில் கணக்கு நேராக இருக்கிறது. வாட்ரோலியேயின் நங்கூர முத்திரையும் அச்சகத்தோடு சேர்ந்து வந்தது. மேகத்திலிருந்து நீளும் ஒரு கை நங்கூரத்தைப் பிடித்திருக்கும். சுற்றிலும் 'நம்பிக்கையின் நங்கூரம்' என்று லத்தீனில் எழுதியிருக்கும். ஃபீல்டின் தலைப்புப் பக்கங்களை அதை வைத்தே அடையாளம் காணலாம்.

கேள்வி: எழுத்தாளருக்குக் காப்புரிமை இல்லாத காலத்தில் 'காப்பி' பதிவு செய்தார்கள் என்கிறார்களே. யாருடைய காப்பி?

பதில்: ஸ்டேஷனருடையது. காப்பி என்றால் ஒரு நூலை அச்சிடும் உரிமை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. கையெழுத்துப் பிரதி யாரிடமிருந்து எப்படி வந்தது என்பது சங்கத்தின் கவலை இல்லை. எந்த உறுப்பினர் முதலில் வந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டார் என்பதே கேள்வி. எழுதிய பின் வேறு உறுப்பினர் அதே நூலை அச்சிட்டால் அபராதம். அந்த ஒரு வரியை விற்கலாம், அடகு வைக்கலாம், மகனுக்கோ மனைவிக்கோ விடலாம். எழுத்தாளருக்கு ஒரு தடவை கொஞ்சம் பணம், அல்லது சில பிரதிகள், அதோடு தீர்ந்தது. அவருக்குச் சட்டப்படி உரிமை வந்தது 1710-இல்தான்.

நடைமுறையில் இரண்டு படி. முதலில் அனுமதி: பேராயரோ அவர் நியமித்தவரோ படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அடுத்தது பதிவு: வார்டன் ஒப்புதலோடு சங்க எழுத்தர் பதிவேட்டில் எழுதுவார். அனுமதி அரசுக்காக, பதிவு சக வியாபாரிகளுக்காக. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் வழக்கமாக நேரும் குழப்பம். கட்டணம் தொடக்கத்தில் 4 பென்ஸ், பிறகு 6 பென்ஸ்.

ஒரு பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1593 ஏப்ரல் 18 அன்று ரிச்சர்டு ஃபீல்டு பெயரில் ஒரு வரி: கான்டர்பரி பேராயர், வார்டன் ஸ்டிரப் ஆகியோரின் கையொப்பத்தோடு, 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' என்ற புத்தகம் அவருடைய காப்பியாகப் பதியப்பட்டது. கடைசியில் ரோமன் எண்ணில் ஆறு, பக்கத்தில் 'டி' என்ற எழுத்து. அந்த 'டி' டெனாரியஸ் என்ற ரோமானிய நாணயப் பெயரின் சுருக்கம். பென்னியைத்தான் அப்படி எழுதினார்கள். கவிதை எழுதிய வில்லியம் ஷேக்ஸ்பியர் பெயர் அந்த வரியில் எங்கும் இல்லை.

அதே பதிவின் மேல் இன்னொரு குறிப்பும் பிறகு செருகப்பட்டிருக்கிறது: 1594 ஜூன் 25-இல் மூத்த ஹாரிசன் என்ற ஸ்டேஷனருக்கு மாற்றப்பட்டது. ஃபீல்டு பதினான்கு மாதத்தில் காப்பியை விற்றுவிட்டார். அன்றைய இங்கிலாந்தில் அவ்வளவு வேகமாக விற்ற கவிதைகள் குறைவு. அதைப் போய் விற்றாரே என்று வாசகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஃபீல்டின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் அடிப்படையில் அச்சாளர். காப்பி வைத்திருப்பவர் காகிதத்துக்கு முன்பணம் போட வேண்டும், விற்காத பிரதிகளைச் சுமக்க வேண்டும். ஹாரிசனுக்கு விற்றபின் அடுத்த பதிப்புகளை அச்சிடும் வேலை ஃபீல்டுக்கே வந்தது. முதலீடு அவருடையது, கூலி இவருக்கு. எங்கள் கணக்கில் அது மோசமான வியாபாரம் இல்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் ஒரு புத்தகம் அச்சாகி முடிய எத்தனை நாள்? எங்கெங்கே தவறு வரும்? கையால் அச்சுக்கோத்த அனுபவம் உள்ளவன் நான், விவரமாகவே எழுதலாம்.

பதில்: 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' முதல் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். குவார்ட்டோ அளவு: ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் நாலு இலை, எட்டுப் பக்கம். கவிதையில் ஆறு வரிச் செய்யுள் 199. முதல் பக்கத்தில் மேலே அலங்காரப் பட்டையும் தலைப்பும் இருப்பதால் மூன்று செய்யுள், மற்றப் பக்கங்களில் நாலு நாலு. மூன்றோடு 49 நாலு சேர்த்தால் 199; சரியாக 50 பக்கம். தலைப்பும் சமர்ப்பணமும் வரும் முன் பகுதிக்கு இரண்டு இலை, கவிதைக்கு 25 இலை, கடைசியில் ஒரு வெற்று இலை. மொத்தம் 28 இலை, அதாவது ஏழு தாள். முன் பகுதியும் கடைசிப் பகுதியும் அரைத் தாள் அரைத் தாளாக வருவதைக் கவனியுங்கள். இப்படி வரும்போது இரண்டையும் ஒரே பாரத்தில் (கோத்த பக்கங்களை இறுக்கிப் பூட்டும் சட்டம்) பூட்டி அச்சிட்டு, பிறகு வெட்டிப் பிரிப்பது பட்டறை வழக்கம். காகிதம் வீணாகாது.

எழுத்துக் கோப்பவரான கம்பாசிடர் ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் கோத்து, காலி என்ற தட்டுக்கு மாற்றி, பக்கமாக்கிக் கட்டுவார். தாளின் ஒரு முகத்துக்கு 1, 4, 5, 8 பக்கங்கள், மறு முகத்துக்கு 2, 3, 6, 7. ஒவ்வொரு தாளின் அடியிலும் A, B, C என்று மடிப்பு அடையாளம் போடுவார்கள். லத்தீன் வரிசையைப் பின்பற்றியதால் அதில் 23 எழுத்துதான். ஜே, டபிள்யூ இல்லை, யூவும் வீயும் ஒன்று. பழைய புத்தகத்தில் 'ஐ'க்குப் பின் நேராக 'கே' வந்தால் ஒரு மடிப்பு காணாமல் போய்விட்டது என்று பதறாதீர்கள். பக்கத்தின் அடி மூலையில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லையும் அடிப்பார்கள். பாரம் பூட்டும்போது பக்கம் இடம் மாறினால் அந்தச் சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

மை என்பது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் விளக்குப் புகைக்கரி. தடவ, கம்பளியோ மயிரோ அடைத்த தோல் உருண்டைகள் இரண்டு. தோல் விறைத்துப்போகாமல் இருக்க இரவில் மூத்திரத்தில் ஊறப்போடுவார்கள். அச்சகங்களின் வாடையைப் பற்றி அக்காலத்தவர் முகம் சுளித்ததில் வியப்பில்லை. காகிதத்தை முந்தின நாளே ஈரப்படுத்தி, அடுக்கி, பளு ஏற்றி வைக்க வேண்டும். இயந்திரத்தில் இரண்டு பேர்: ஒருவர் மை தடவ, ஒருவர் தாள் வைத்துக் கட்டையை இழுப்பார். மர இயந்திரத்தின் அழுத்துபலகை பாரத்தில் பாதியைத்தான் மூடும். எனவே ஒரு முகத்துக்கே இரண்டு இழுப்பு, நடுவில் படுக்கையை நகர்த்த வேண்டும்.

நல்ல ஜோடி மணிக்கு 250 தாள் ஒரு முகம் அடிக்கும் என்பது தொழிலின் அளவுகோல். 1587-இல் சங்கம் ஒரு பதிப்புக்கு 1,250 அல்லது 1,500 பிரதிதான் என்று வரம்பு வைத்தது; பாலர் பாடம், வினாவிடைப் புத்தகம் போன்றவற்றுக்கு விலக்கு. 1,250 பிரதி என்று வைத்துக்கொண்டால், ஒரு தாளின் இரு முகமும் அடிக்கக் கணக்குப்படி பத்து மணி நேரம், அதாவது ஒரு நாள். ஏழு தாளுக்கு ஏழு வேலைநாள். காகிதம் 8,750 தாள், 500 தாள் ரீமுக்குப் பதினேழரை ரீம். வீணாவதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். காகிதத்தில் பெரும்பகுதி பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது, செலவில் அதுவே பெரிய தலைப்பு.

வரம்பு வாசகனுக்காக வைத்தது இல்லை. கோத்த பாரத்தைக் கலைக்காமல் வைத்து ஐயாயிரம் அடித்தால் கம்பாசிடருக்கு மறுபடி வேலை இல்லை. தீர்ந்தால் திரும்பக் கோக்க வேண்டும், கூலி கிடைக்கும். கோத்ததை அப்படியே நிறுத்தி வைக்கக் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருந்தது.

தவறுகளுக்கு வருவோம். அச்சான பாரத்தைக் கலைத்து எழுத்துகளைப் பெட்டி அறைகளில் திரும்பப் போடும்போது எழுத்து தப்பான அறைக்குப் போவது முதல் வில்லன். 'என்' அறையில் 'யூ' விழுந்தால் அடுத்த பாரத்தில் அதுதான் வரும். அன்றைய நீண்ட 'எஸ்'ஸும் 'எஃப்'பும் அச்சில் இரட்டைப் பிறவி, குறுக்குக் கோடு ஒரு மயிரிழைதான் வித்தியாசம். பூட்டு தளர்ந்தால் ஒட்டும் மை உருண்டை எழுத்தைப் பிடுங்கிவிடும். மை தடவுகிறவர் அவசரத்தில் அதைத் தலைகீழாகவோ பக்கத்து வரியிலோ செருகுவார். தாள் அதிக ஈரமானால் மை பரவும், காய்ந்திருந்தால் எழுத்து வெளுத்து விட்டு விட்டு விழும். மறு முகம் அடிக்கும்போது, முதல் முகத்தில் ஊசி குத்திய அதே துளையில் தாளை மாட்ட வேண்டும். ஊசி நகர்ந்தால் இருபுற வரிகளும் ஒன்றின்மேல் ஒன்று நிற்காது. ஓரத்தில் மை படாமல் மறைக்கும் சட்டத்தின் சன்னலைக் குறுக வெட்டிவிட்டால் வரி முனையில் இருக்கும் எழுத்துகள் பாதி கடித்தது போலக் காணாமல் போகும்.

மெய்ப்புப் பார்ப்பது ஓட்டத்தின் நடுவில் நடப்பதும் உண்டு. பிழை கண்டால் நிறுத்தித் திருத்துவார்கள். அதுவரை அடித்த தாளை எறிய மாட்டார்கள், காகிதம் அவ்வளவு விலை. திருந்திய தாளும் திருந்தாத தாளும் கலந்தே பைண்டிங்குக்குப் போகும். ஒரே பதிப்பில் இரண்டு பிரதி எழுத்துக்கு எழுத்து ஒத்திராததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: விலை எவ்வளவு?

பதில்: 1598-இல் சங்கம் விதித்த உச்சவரம்பு: வழக்கமான அளவு எழுத்தில் அச்சானதற்கு இரண்டு தாளுக்கு ஒரு பென்னி, பொடி எழுத்துக்கு ஒன்றரைத் தாளுக்கு ஒரு பென்னி. பைண்டிங் இல்லாமல். அதன்படி ஏழு தாள் புத்தகம் மூன்றரை பென்ஸ் வரும். அந்த வரம்புக்கு ஐந்து ஆண்டு முன்பு, 1593 ஜூன் 12-இல், ரிச்சர்டு ஸ்டோன்லி என்ற கருவூல அதிகாரி 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' உட்பட இரண்டு புத்தகம் வாங்கி 12 பென்ஸ் கொடுத்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வரம்பு ஏன் தேவைப்பட்டது என்று இப்போது புரியும்.

கேள்வி: விதிகளை மீறியவர்கள் உண்டா? உண்மையிலேயே தண்டித்தார்களா?

பதில்: உண்டு, மீறலின் தரத்துக்கு ஏற்பத் தண்டனை மாறியது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தது, பெரிய புத்தகத்தை மலிவான ஆட்டுத்தோலில் பைண்ட் செய்தது, இதற்கெல்லாம் சில்லறை அபராதம். சங்கக் கணக்கில் வரிசையாக இருக்கின்றன.

வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த மீறல் அடுத்தது. லாபமான நூல்களின் உரிமை சிலர் கையில் இருந்தது. சட்டப் புத்தகம் ரிச்சர்டு டாட்டெலிடம், பைபிள் பார்க்கரிடம், பாலர் பாடமும் சங்கீதப் புத்தகமும் ஜான் டேயிடம். ரோஜர் வார்டு என்ற ஏழை அச்சாளர் டேயின் பாலர் பாடத்தை 10,000 பிரதி கள்ளத்தனமாக அடித்து மாட்டினார். ஜான் வோல்ஃப் இன்னும் கில்லாடி. அவர் மீன் வியாபாரிகள் சங்கத்து உறுப்பினர். லண்டன் வழக்கப்படி எந்தச் சங்கத்து உறுப்பினரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்று வாதாடி, உரிமையுள்ள புத்தகங்களை அடித்துத் தள்ளினார். லூதர் மதத்தைத் திருத்தினார், நான் இந்தத் தொழிலைத் திருத்துகிறேன் என்ற தோரணை. சங்கம் என்ன செய்தது? 1583-இல் அவரைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 1587-இல் அவரே சங்கத்தின் பீடில், அதாவது சோதனைக்குப் போய்க் கள்ள அச்சகங்களைப் பிடிக்கிறவர். திருடனையே காவலுக்கு வைத்த கதைதான், அவர் வேலையை ஒழுங்காகவும் செய்தார்.

அரசையோ மதத் தலைமையையோ தொட்டால் கதை வேறு. 1588-இல் ராபர்ட் வால்டுகிரேவ் என்ற அச்சாளரின் இயந்திரத்தை உடைத்து, எழுத்தை அடித்து நசுக்கினார்கள். ஈயம் மிஞ்சும், தொழில் மிஞ்சாது. வில்லியம் கார்ட்டர் கத்தோலிக்க நூல் ஒன்றை அச்சிட்டதற்காக 1584 ஜனவரியில் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்.

கேள்வி: ஃபீல்டு உறுப்பினரான ஆண்டு ஓரிடத்தில் 1586, ஓரிடத்தில் 1587 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும். அன்றைய இங்கிலாந்தில் சட்ட ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. பிப்ரவரி 6 அவர்களுக்கு இன்னும் 1586, நமக்கு 1587. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள எந்தத் தேதியைப் பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். பதிவேட்டில் தேடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 1571 முதல் 1576 வரை பதிவுகள் இல்லை, ஏடே தொலைந்துவிட்டது. அந்த இடைவெளியில் ஒரு நூலின் பெயர் அகப்படவில்லை என்பதால் அது பதியப்படவில்லை என்று எழுதிவிடாதீர்கள். மற்ற ஆண்டுகளிலும் எல்லோரும் 6 பென்ஸ் செலவழித்துப் பதிந்ததில்லை.

கேள்வி: ஃபீல்டும் ஷேக்ஸ்பியரும் ஒரே ஊர்க்காரர்கள். அப்படியிருக்க நாடகங்களை ஏன் ஃபீல்டு அச்சிடவில்லை?

பதில்: ஊர்த் தொடர்பு உறுதியானது. 1592-இல் ஃபீல்டின் அப்பா இறந்தபோது அவர் சொத்தை மதிப்பிட்டவர்களில் ஷேக்ஸ்பியரின் அப்பாவும் ஒருவர். ஆனால் ஃபீல்டின் பட்டறை வேறு ரகம்: ஹாரிங்டன் மொழிபெயர்த்த இத்தாலியக் காவியம் 'ஆர்லாண்டோ ஃபியூரியோசோ' 1591-இல், புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் 1595-இல், ஸ்பானிய மொழிப் புத்தகங்கள்கூட உண்டு. அவற்றில் தன் பெயரை 'ரிகார்டோ தெல் காம்போ' என்று போட்டுக்கொண்டார், வயல் என்று பொருள்படும் ஃபீல்டை அப்படியே ஸ்பானியமாக்கி. நாடகம் பத்துத் தாள் சொச்சம் வருகிற மலிவுச் சரக்கு. அதோடு, 1596-இல் பிளாக்ஃபிரையர்ஸில் நாடக அரங்கு வரக் கூடாது என்று அப்பகுதிவாசிகள் கொடுத்த மனுவில் ஃபீல்டின் கையெழுத்தும் இருக்கிறது. வரவிருந்தது ஷேக்ஸ்பியர் குழுவின் அரங்கு. ஊர்க்காரன் வேறு, பக்கத்து வீட்டுக் கூச்சல் வேறு.

1600 வாக்கில் அச்சகத்தை உட் தெருவுக்கு மாற்றினார். டியூடர் வம்சம் 1603-இல் முடிந்த பிறகும் வளர்ந்து, 1619-இலும் 1622-இலும் சங்கத் தலைவரானார், 1624-இல் இறந்தார். அவரிடம் அப்ரண்டிஸாக இருந்து 1603-இல் உறுப்பினரானவர் நிக்கலஸ் ஓக்ஸ். குரு தொடாத சரக்கைச் சீடர் தொட்டார்: 1608-இல் 'கிங் லியர்' முதல் குவார்ட்டோவை அச்சிட்டது ஓக்ஸ்தான். ஓட்டத்தின் நடுவே நிறுத்தி நிறுத்தித் திருத்தியதில், இன்று எஞ்சியிருக்கும் 12 பிரதிகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.